மூன்று தசம் ஆறு வோல்ட்

பலகையின் ஓரத்தில் ஒரு பற்றரி,
சுண்டுவிரல் அகலம்.
அது செத்தால் விளையாட்டும் சாகும்.
செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள்,
திருடர்களுக்குப் பயந்து.
திருடர்கள் போய்விட்டார்கள். கம்பனியும் போய்விட்டது.
பற்றரி மட்டும்
முப்பது வருடமாய்க் காவல் நிற்கிறது.

ஒசாக்காவில் பழஞ்சாமான் கடையில் வேலை செய்யும்
றொமேஷ்காந்தன் அனுப்பியது,
பழைய துவாயில் சுற்றி.
முகப்பிலுள்ள எழுத்து அவனுக்கே வாசிக்க வரவில்லை.
ஆறாவது அலைக்குப் பிறகு
திரையை நிறைத்துக்கொண்டு ஒரு நண்டு வரும்.
ஆகவே பெயர் நண்டு.
உலகத்தில் வேறு யாராவது
இதை என்னவென்று கூப்பிடுகிறார்களோ தெரியாது.

கொழும்பில் சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்தார்.
வயர், பற்றரி, பச்சைப் பலகை.
"என்ன இது?"
"விளையாட்டு, சேர்."
"என்ன மாதிரி விளையாட்டு?"
"பிளேன். சுடுறது."
முகவரியைப் பார்த்தார்: கல்லடி, மட்டக்களப்பு.
என்னைப் பார்த்தார்.
மறுபடி முகவரியை.
பிறகு படிவத்தில் தானே எழுதினார்,
ரீவி உதிரிப்பாகம்.
பரீட்சை பாஸான அன்றுகூட
நான் யாருக்கும் அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

கூடு செய்தது டச்பார் கொன்ராட் ரோசைரோ.
தேவாலயத்துக்கு வாங்கு செய்கிற கை,
பழக்கதோஷத்தில்
முழந்தாளிட ஒரு பலகையும் வைத்துவிட்டார்.
அதில் இப்போது செருப்புக் கிடக்கிறது.
உள்ளே இருபத்தொரு அங்குல ரீவி
பக்கவாட்டில் படுத்திருக்கிறது.
படுக்கவைத்த நாள்முதல் வலது மூலையில்
நாவற்பழக் கறை.
பூமியின் காந்தமாம்.
அங்கே போனால் என் விமானமும் ஊதா,
என்மேல் வருகிற குண்டும் ஊதா.

சத்தம் எப்போதும் பூச்சியத்தில்.
பக்கத்து வளவு மகிந்தராசா ஒருமுறை
வேலிக்கு வந்து கேட்டார்,
"தம்பி, மற்றதெல்லாம் கிடக்கட்டும்.
அந்த ஹெலி வாற சத்தத்தை மட்டும்
குறைக்க ஏலுமா?"
தனியாகக் குறைக்க ஏலாது.
எல்லாவற்றுக்கும் ஒரே திருகாணி.

அந்த வருடம் எண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை.
மீற்றரை வைத்துப் பார்த்தேன்: இரண்டு தசம் மூன்று.
இரண்டுக்குக் கீழே இறங்கினால்
பலகை தன்னையே மறந்துபோகும்.
கரண்ட் ஐந்தரைக்குப் போகும்.
மணி ஐந்து பத்து.

இரவு வேலைக்கு வெளிக்கிட்ட வதனரூபி
வெள்ளை உடுப்போடு குனிந்து பார்த்தாள்.
"முதல்ல புதுச இணைங்க. பிறகு பழசக் கழட்டுங்க.
வார்ட்ல மருந்துப் பம்ப் மாத்துற நேரம்
புதுச ஓடவிட்டுத்தான் பழச நிப்பாட்டுவம்.
இடையில ஒரு நிமிஷம் விட்டா
பிரஷர் விழுந்திடும்."
சாவணத்தை வாங்கி அவளே பிடித்துக்கொண்டாள்.
ஈயம் உருகிற்று. புகை அவள் தலைமுடிக்குள் போனது.
பழசு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது,
சூடாக, ஒரு கால் முறிந்து.
மின்விசிறி நின்றது.
ஐந்து இருபத்தாறு. நான்கு நிமிடம் முந்தி.

உயிர் இருக்கிறதா இல்லையா
என்று கேட்கக் கரண்ட் வேண்டும்.
அவள் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்விட்டாள்.
நான் கறுத்த கண்ணாடிக்கு முன்னால்
சரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
நுளம்பு கடித்தது.
மகிந்தராசா வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

ஏழே முக்காலுக்கு வந்தது.
திரை முதலில் குப்பையாய்க் கொட்டியது, பிறகு
வாசிக்கத் தெரியாத அந்த எழுத்து.
காசு போடும் ஓட்டையில் என் சாவியைத் தட்டினேன்.
அன்றைக்கு நான் சுடவில்லை. ஏனென்று தெரியாது.
குண்டுகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று
பார்த்துக்கொண்டே போனேன்.
நிறைய இருந்தது.
நண்டு வரைக்கும் போகலாம்போல் இருந்தது.
ஊதா மூலையில் அடிபட்டேன்.

தொடரவா என்று கேட்டுத்
திரை பத்திலிருந்து எண்ணத் தொடங்கியது.
வார்டுக்கு அழைத்தேன்.
அவளுக்குப் பின்னால் ஏதோ பீப் பீப் என்றது.
"இரிக்கா?"
"இரிக்கி."
"சரி. வைங்க, வேல கிடக்கு."

மூன்று.